பக்கவாதத்துக்குப் பிறகு கைப்பயிற்சி: ரோபோவா, மின்தூண்டலா, வெறும் கையுறையா?

பக்கவாதம் வந்த கைக்கு ரோபோ சிகிச்சை கொடுக்கலாமா என்று யாராவது கேட்டால், பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: விரலை நீட்ட முடிகிறதா? மடக்குவதைக் கேட்கவில்லை, நீட்டுவதை. முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, விரல்களையும் மணிக்கட்டையும் கொஞ்சம் மேலே தூக்கச் சொல்லிப் பாருங்கள். பத்து டிகிரி அசைந்தால் ஒரு வழி, அசையவே இல்லை என்றால் வேறு வழி. எந்தக் கருவியை நம்புவது என்ற முடிவில் பாதி அந்த மேசை விளிம்பிலேயே முடிந்துவிடும். கருவிகளின் விளம்பரக் காணொளிகள் இந்தக் கேள்விப் பக்கமே போவதில்லை.

பக்கவாதம் வந்த கையில் மடக்கும் அசைவுதான் பெரும்பாலும் முதலில் திரும்பும். டம்ளரைப் பிடித்துவிடுவார்கள்; பிடித்ததை விடுவதற்கு மற்றக் கை வந்து விரல்களைப் பிரித்துவிட வேண்டியிருக்கும். விரலை நீட்ட, மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இயக்க நரம்புப் பாதை ஓரளவாவது தப்பியிருக்க வேண்டும். உள்ளே எவ்வளவு மிச்சம் என்பதற்கு வெளியே தெரிகிற அடையாளம் அது. 2010-இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வு இதை எண்ணாகவே காட்டியது. பக்கவாதம் வந்த 72 மணி நேரத்துக்குள் விரலைக் கொஞ்சம் நீட்டவும் தோளைப் பக்கவாட்டில் கொஞ்சம் தூக்கவும் முடிந்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் கையில் ஏதோ ஓரளவு செயல்திறன் திரும்பும் வாய்ப்பு 98%. இரண்டுமே முடியாதவர்களுக்கு 25%.

நியூஸிலாந்தின் ஆக்லாந்தில் கேத்தி ஸ்டினியர் குழுவினர் உருவாக்கிய 'பிரெப் 2' கணிப்பு முறையும் இதே இரண்டு அசைவுகளில்தான் தொடங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். கூட்டினால் ஐந்துக்குக் குறைவாக வருபவர்களுக்கு மட்டும், தலைக்கு மேல் காந்தத் துடிப்பு கொடுத்து, சமிக்ஞை கை வரைக்கும் வருகிறதா என்று பார்ப்பார்கள். சுமார் நான்கில் மூன்று பேருக்குக் கணிப்பு சரியாக இருந்திருக்கிறது. மீதி நான்கில் ஒருவருக்குத் தப்புகிறது என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். கணிப்பு கைவிடுவதற்கான சாக்கு ஆகிவிடக் கூடாது.

இன்னும் ஒன்று தெரிந்திருந்தால் ஆய்வு முடிவுகளைப் படிப்பது எளிது. கையை அளக்க இரண்டு அளவுகோல்கள் அடிக்கடி வரும். ஃபூகல்-மேயர் அளவுகோலில் கைக்கு மொத்தம் 66 மதிப்பெண்; எந்த மூட்டு எப்படி அசைகிறது என்பதை அது பார்க்கும். நாள்பட்ட நோயாளிகளுக்கு, அதாவது பக்கவாதம் வந்து ஆறு மாதம் தாண்டியவர்களுக்கு, இதில் ஐந்து மதிப்பெண்ணாவது கூடினால்தான் வித்தியாசம் கையில் தெரியும் என்பது பொதுவான கணக்கு. ஏ.ஆர்.ஏ.டி. என்பது 57 மதிப்பெண். அது வேலையைப் பார்க்கும். மரக்கட்டையை எடுத்து அலமாரித் தட்டில் வை, கோலிக்குண்டைக் கிள்ளி எடு, ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீரை ஊற்று. அந்தச் சோதனைப் பெட்டியில் ஒரு கிரிக்கெட் பந்துகூட உண்டு. முதல் அளவுகோலில் ஏறி இரண்டாவதில் ஏறாமல் நிற்பது அடிக்கடி நடக்கும். கை அசைகிறது, ஆனால் உதவவில்லை என்று வீட்டில் சொல்வது இதைத்தான்.

ரோபோ

எல்லோரும் முதலில் கேட்பது இதைப் பற்றி என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நெவில் ஹோகனும் ஹெர்மனோ இகோ க்ரெப்ஸும் உருவாக்கிய 'எம்.ஐ.டி. மேனஸ்'தான் இந்தத் துறையில் அதிகம் ஆராயப்பட்ட கருவி. நோயாளி மேசை முன்னால் உட்காருவார். முன்கையை ஒரு தாங்கியில் வைத்துப் பட்டையால் கட்டுவார்கள். திரையில் நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி எட்டுப் புள்ளிகள். ஒரு புள்ளி ஒளிரும். கையை நகர்த்தி அங்கே போய்த் திரும்ப வேண்டும். தானே நகர்த்த முடிந்தால் இயந்திரம் ஒதுங்கிக்கொள்ளும். தொடங்கவே முடியவில்லை என்றால் சற்றுப் பொறுத்துவிட்டு அதுவே தாங்கிக் கொண்டுபோகும். இப்படிப் போய்வந்து, ஒரே அமர்வில் ஆயிரம் அசைவுகளைத் தொடலாம். எந்தத் தெரபிஸ்டும் ஒரு மணி நேரத்தில் கையால் பிடித்து அத்தனை முறை செய்யவைக்க முடியாது.

காகிதத்தில் இதற்குமேல் என்ன வேண்டும் என்றுதான் தோன்றும். 2010-இல் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் 127 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு வெளிவந்தது. பக்கவாதம் வந்து ஆறு மாதம் தாண்டியவர்கள், கை மிதமாகவோ மோசமாகவோ பாதித்தவர்கள். 12 வாரத்தில் 36 அமர்வுகள். 12 வார முடிவில் வழக்கமான சிகிச்சையைவிட ரோபோ தெளிவாக மேலே வரவில்லை. 36 வாரத்தில் பார்த்தபோது ஃபூகல்-மேயரில் ஏறக்குறைய 3 மதிப்பெண் முன்னால் இருந்தது. ஆனால் அதே ஆய்வில் மூன்றாவதாக ஒரு குழு இருந்தது: ரோபோ செய்த அளவுக்குத் தீவிரமாகவே மனிதத் தெரபிஸ்ட் பயிற்சி கொடுத்த குழு. அவர்களை ரோபோ முந்தவில்லை.

அப்புறம் 2019-இல் பிரிட்டனின் 'ராட்டல்ஸ்' ஆய்வு வந்தது. 770 பேர், இந்தத் துறையில் இது பெரிய எண். ஒரு குழுவுக்கு ரோபோ, ஒரு குழுவுக்கு அதே நேர அளவில் தெரபிஸ்டோடு கூடுதல் பயிற்சி, ஒரு குழுவுக்கு வழக்கமாகக் கிடைப்பது மட்டும். 45 நிமிடம், வாரம் மூன்று நாள், 12 வாரம். மூன்று மாதத்தில் ஏ.ஆர்.ஏ.டி.யில் வெற்றி என்று முன்கூட்டியே வரையறுத்த முன்னேற்றத்தைத் தொட்டவர்கள் ரோபோ குழுவில் 44%, கூடுதல் பயிற்சிக் குழுவில் 50%, வழக்கமான சிகிச்சையில் 42%. இந்த வித்தியாசங்கள் புள்ளியியல் கணக்கில் நிற்கவில்லை. ஃபூகல்-மேயரில் ரோபோ குழு வழக்கமான சிகிச்சையைவிடக் கொஞ்சம் மேலே வந்தது. அந்த ஏற்றம் கை செய்யும் வேலையில் தெரியவில்லை. காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம் என்பது என் எண்ணம். மேசைமேல் புள்ளிகளைத் தொட்டுப் பழகிய கை, மேசைமேல் புள்ளிகளைத் தொடுவதில்தான் தேறும். டம்ளரைப் பிடித்து விடுவது வேறு வேலை.

கையை முழுக்கச் சுற்றித் தாங்கும் புறக்கூட்டு ரோபோக்கள் வந்தால் கதை மாறும் என்று எதிர்பார்த்தார்கள். சூரிச்சில் உருவான 'ஆர்மின்' அப்படிப்பட்டது. தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாவற்றையும் முப்பரிமாணத்தில் நகர்த்தும். 2014-இல் 77 பேரிடம் சோதித்தபோது வழக்கமான தெரபியைவிட ஃபூகல்-மேயரில் 0.78 மதிப்பெண் கூடுதல். ஒரு மதிப்பெண்கூட முழுசாக இல்லை. கையின் பாரத்தைச் சுமந்துகொள்ளும் ஸ்பிரிங் தாங்கியை, நோயாளி தானே செய்யும் பயிற்சியோடு பிரான்ஸில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களிடம் ஒப்பிட்டபோதும் குறிப்பிடும்படியான வித்தியாசம் வரவில்லை. திரையில் ஒரு டால்பினை நீந்தவைத்துக் கையைப் பழக்கும் முறையும் ஒன்று உண்டு; பார்க்கவே ஆசையாக இருக்கும். 24 பேரிடம் நடந்த சிறிய சோதனையில், அதே அளவு நேரம் செய்த சாதாரணத் தெரபியை அந்த டால்பினும் முந்தவில்லை.

அதனால் ரோபோ வீண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தெரபிஸ்ட் கொடுக்கும் அதே மணி நேரத்துக்கு ஏறக்குறைய சமமான பலனை ஓர் இயந்திரம் தருகிறது என்றால், தெரபிஸ்ட் நேரம் கிடைக்காத இடத்தில் அது பெரிய விஷயம். தோளும் முழங்கையும் தானாக அசையாதவர், தாங்காமல் ஒரு பயிற்சியும் செய்ய முடியாதவர், அவருக்கு ரோபோ ஒரு கதவைத் திறக்கிறது. ஏற்கெனவே டம்ளரைத் தூக்க முடிகிறவர் ரோபோவில் உட்காருவதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. அந்த நேரத்தில் அவர் நிஜமான டம்ளரையே தூக்கலாம்.

நல்ல கையைக் கட்டுவது

இந்தப் பட்டியலிலேயே தொழில்நுட்பம் மிகக் குறைந்தது இதுதான்: ஒரு தடித்த கையுறை. அதை நன்றாக இருக்கும் கையில் மாட்டிவிட வேண்டும். எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர், உணர்வு நரம்பு வெட்டப்பட்ட குரங்குகள் அந்தக் கையைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுவதைப் பார்த்தார். முயன்று தோற்றுத் தோற்று, முயல்வதையே விட்டுவிடப் பழகிக்கொள்கின்றன. நல்ல கையைக் கட்டிப்போட்டால் மறுபடி பயன்படுத்தத் தொடங்குகின்றன. அதிலிருந்து வந்ததுதான் இந்த முறை.

2006-இல் வெளியான 'எக்சைட்' ஆய்வில் 222 பேர், பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்கள். இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90% கையுறை. வேலை நாட்களில் ஆறு மணி நேரம் வரை பயிற்சி. ஓராண்டு கழித்து அளந்தபோதும் முன்னேற்றம் வழக்கமான சிகிச்சைக் குழுவைவிட மேலேயே இருந்தது. இதில் சேர ஒரு தகுதி உண்டு, நான் தொடக்கத்தில் சொன்ன மேசை விளிம்புச் சோதனை இங்கேதான் வருகிறது: மணிக்கட்டையும் விரல்களையும் குறைந்தது பத்து டிகிரியாவது தானாக நீட்ட வேண்டும். அது இல்லாதவருக்கு நல்ல கையைக் கட்டினால் வேலை செய்யக் கையே இருக்காது. அவர் கோபப்பட்டு எழுந்து போவார், நியாயம்தான்.

ஆறு மணி நேரம் எல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். அதற்காகவே குறைந்த நேரத்தை அதிக வாரங்களுக்குப் பரப்பிய வடிவங்கள் வந்துவிட்டன. மணிக்கணக்கைவிட, கூடவே வரும் ஒப்பந்தத்தைப் பெரிதாக நினைக்கிறேன். எந்தெந்த வேலையைப் பாதித்த கையால் செய்வேன், எப்போது கையுறையைக் கழற்றுவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தினமும் நாட்குறிப்பில் குறித்துவைப்பது. பல் துலக்குவது, கதவுத் தாழ்ப்பாளைத் திறப்பது, சட்டையின் கீழ்ப் பொத்தானைப் போடுவது என்று பட்டியல் சின்னதாக இருக்கலாம். டாப்பின் குழுவே இந்தப் பகுதியைத் தவிர்த்தால் பலன் வீட்டில் நிலைக்காது என்று சொல்லி வந்திருக்கிறது. நல்ல கையில் கோல் பிடித்து நடப்பவருக்கு நடக்கும் நேரத்தில் கையுறை வேண்டாம். விழுந்தால் சேர்த்துவைத்ததெல்லாம் போய்விடும்.

இரண்டு எச்சரிக்கை. முதல் சில வாரங்களிலேயே முரட்டுத்தனமாகத் தொடங்கக் கூடாது. 'வெக்டர்ஸ்' என்ற 52 பேர் ஆய்வில், தொடக்கக் கட்டத்திலேயே இதை அதிக அளவில் செய்தவர்கள் மூன்று மாதத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் தேறினார்கள். இரண்டாவது, 'எக்சைட்' ஒப்பிட்டது வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சையோடு. அப்படி வழக்கமாகக் கிடைப்பது பலருக்கு ஒன்றுமே இல்லாமலும் இருந்தது. ஆறு மணி நேரத்தை ஒன்றுமில்லாததோடு ஒப்பிட்டால் ஆறு மணி நேரம் ஜெயிக்கத்தான் செய்யும். எந்த ஆய்வைக் காட்டி உங்களிடம் எதை விற்றாலும், எதோடு ஒப்பிட்டீர்கள் என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

மின்தூண்டல்

முன்கையின் வெளிப்புறத்தில், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே இரண்டு பசைப்பட்டைகளை ஒட்டி மெல்லிய மின்சாரத்தைக் கொடுத்தால், விரல்களை நீட்டும் தசைகள் சுருங்கிக் கை விரியும். மூடியே கிடந்த கை கண்முன்னால் விரிவதைப் பார்க்கும்போது நோயாளிக்கு வரும் மகிழ்ச்சி தனி. பட்டை அரை அங்குலம் தள்ளிப்போனால் மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு எழும், விரல்கள் அசையாமல் இருக்கும். அப்போது நகர்த்தி நகர்த்தி இடம் கண்டுபிடிக்க வேண்டும். சரியான இடம் கிடைத்ததும் தோலில் பேனாவால் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் ஒட்டப்போகிறவருக்கு அது பாதி வேலையை மிச்சமாக்கும்.

இதிலும் வகைகள் உண்டு, தேர்வு செய்யும்போது கவனிக்க வேண்டியது அங்கேதான். கருவி தன்பாட்டுக்குச் சில நொடிகளுக்கு ஒரு முறை கையை விரித்து மூடுவது ஒன்று. நோயாளி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே இருக்கலாம், மூளைக்கு அதில் பெரிய வேலை இல்லை. நோயாளி முயலும்போது தசையில் எழும் சிறு மின்னலையைப் பிடித்து, அதன்பிறகே தூண்டுவது இன்னொன்று. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஜெய்மி நட்சன் குழுவினர் செய்வது மூன்றாவது: நல்ல கையில் உணரிகள் உள்ள கையுறை; அந்தக் கையை எவ்வளவு விரிக்கிறாரோ அவ்வளவுக்குத் தூண்டல் பாதித்த கையையும் விரிக்கும். 2016-இல் 80 பேரிடம், பக்கவாதம் வந்து ஆறு மாதம் தாண்டியவர்களிடம், தானாக ஓடும் தூண்டலோடு இதை ஒப்பிட்டார்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை கட்டைகளை ஒரு பெட்டியிலிருந்து மறுபெட்டிக்கு மாற்றுகிறார் என்ற சோதனையில், சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்து, நல்ல கையால் தூண்டலை இயக்கிய குழு 4.6 கட்டை கூடியிருந்தது, தானாக ஓடும் தூண்டல் பெற்ற குழு 1.8. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் இரண்டு பக்கமும் மின்சாரம் இருந்தது, நேரமும் சமம். வித்தியாசம் யார் அசைவை ஆரம்பிக்கிறார் என்பதில் மட்டும். அதனால் இந்த எண்ணை நான் மற்றவற்றைவிட அதிகமாக நம்புகிறேன்.

ஆக, மின்தூண்டல் வாங்கப்போனால் நோயாளியின் முயற்சியோடு சேர்ந்து இயங்கும் வகையைப் பாருங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. வலிப்பு வந்தவர்களும் கேட்டுவிட வேண்டும். கையில் தொடுவுணர்வு குறைந்தவருக்குத் தோல் சிவந்து புண்ணானாலும் தெரியாது, ஒவ்வொரு முறையும் பட்டையை எடுத்ததும் பார்த்துவிட வேண்டும். பக்கவாதம் வந்த புதிதில் தோள்மூட்டு தொங்கி இறங்கும் நோயாளிகளுக்குத் தோள் தசைகளில் கொடுக்கும் தூண்டல் அந்த இறக்கத்தைக் குறைக்கும். வலியையும் குறைக்கும் என்று அதே உறுதியோடு சொல்ல முடியாது.

கண்ணாடியும் விளையாட்டும்

கண்ணாடி சிகிச்சையைப் பலர் வித்தை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உடலின் நடுக்கோட்டில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, பாதித்த கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு கைகளையும் அசைக்க முயல வேண்டும். 1999-இல் எரிக் ஆல்ட்சூலரும் வி.எஸ். ராமச்சந்திரனும் மற்றவர்களும் இதைப் பக்கவாத நோயாளிகளிடம் செய்து பார்த்ததை வெளியிட்டார்கள். 2018-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அசைவிலும் அன்றாட வேலைகளிலும் பலன் இருப்பதாகச் சொன்னது. வலி குறைவதற்கும் ஓரளவு சான்று இருந்தது. தொகுக்கப்பட்ட ஆய்வுகளில் பல சிறியவை. இருந்தாலும் விரல் அசையவே இல்லாதவர் தனியாகச் செய்யக்கூடியவை மிகக் குறைவு. அவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வீடியோ விளையாட்டுகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 141 பேரை வைத்து நான்கு நாடுகளில் நடந்த 'எவ்ரெஸ்ட்' ஆய்வு 2016-இல் வந்தது. ஒரு குழு, கையை அசைத்து ஆடும் நின்டெண்டோ வீ என்ற வீடியோ விளையாட்டை விளையாடியது, மறுகுழு சீட்டு, மரக்கட்டை அடுக்கு மாதிரியான விளையாட்டுகளை அதே நேரம் விளையாடியது. இரண்டு குழுவும் தேறின, ஒன்றை ஒன்று முந்தவில்லை. 2017-இன் காக்ரேன் தொகுப்பும் அதைத்தான் சொன்னது: வழக்கமான தெரபிக்குப் பதிலாக வைத்தால் சமம், அதற்குமேல் கூடுதலாகச் சேர்த்தால் பலன். கடையில் கிடைக்கும் விளையாட்டில் ஒரு சிக்கலும் உண்டு. கை நீளாவிட்டால் உடம்பை முன்னால் சாய்த்து, தோளைத் தூக்கி, எப்படியாவது புள்ளி வாங்கிவிடலாம். விளையாட்டுக்கு அது தெரியாது, பாராட்டு இசை போட்டுவிடும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து முதுகு நாற்காலியை விட்டு எழுகிறதா என்று பார்க்க முடிந்தால் நன்றாகவே பயன்படுத்தலாம்.

அறுவை சிகிச்சை வரை போக வேண்டுமா?

புதியவற்றில் பெரிய சான்றோடு வந்தது வேகஸ் நரம்புத் தூண்டல். மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் நரம்பு அது. கழுத்தில் இடப்பக்க வேகஸ் நரம்பைச் சுற்றி ஒரு மின்முனை, மார்புத் தோலுக்கடியில் ஒரு சிறு கருவி. பயிற்சியின்போது நோயாளி அசைவைச் சரியாகச் செய்யும் கணத்தில் தெரபிஸ்ட் ஒரு பொத்தானை அழுத்துவார். அரை நொடித் துடிப்பு ஒன்று போகும். இப்போது செய்ததைக் குறித்துக்கொள் என்று மூளைக்குச் சொல்வதுதான் நோக்கம். 2021-இல் வெளியான ஆய்வில் 108 பேர், பக்கவாதம் வந்து ஒன்பது மாதம் முதல் பத்தாண்டு வரை ஆனவர்கள். எல்லோருக்கும் கருவியைப் பொருத்தினார்கள், பாதிப் பேருக்கு மட்டும் உண்மையான தூண்டல். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, தெரபிஸ்டுக்கும் தெரியாது. ஆறு வாரத்தில் ஃபூகல்-மேயரில் உண்மையான தூண்டல் பெற்றவர்கள் 5.0 மதிப்பெண் ஏறினார்கள், மற்றவர்கள் 2.4. அதற்குப் பிறகு 90 நாளில் ஆறு மதிப்பெண்ணுக்குக் குறையாமல் தேறியவர்கள் முதல் குழுவில் 47%, மறுகுழுவில் 24%. அதே ஆண்டு, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஒப்புதலும் கிடைத்தது.

இந்த எண்களில் கண் படவேண்டிய இடம் அந்த 24%. தூண்டலே இல்லாமல், அதே தீவிரப் பயிற்சியை மட்டும் செய்த நாள்பட்ட நோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு உருப்படியான முன்னேற்றம் வந்திருக்கிறது. அதனால் ஓர் அமர்வில் முந்நூறு முறைக்கு மேல் செய்யும் அந்த மாதிரியான பயிற்சியை ஆறு வாரமாவது செய்து பார்க்காமல் அறுவை சிகிச்சைக்குப் போவது அவசரம் என்று நினைக்கிறேன். செய்து பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பவர், ஆனால் விரலில் கொஞ்சம் அசைவு இருப்பவர், அவர் இதைப் பற்றி நரம்பியல் மருத்துவரிடம் பேசலாம். குரல் கரகரப்பது போன்ற பக்கவிளைவுகள் உண்டு. கருவி உடலுக்குள் இருப்பதால் பின்னால் எடுக்க வேண்டிவரும் ஸ்கேன்களுக்கு என்ன கட்டுப்பாடு என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

தலைக்கு வெளியே காந்தத் தூண்டல் கொடுக்கும் முறைக்கு இதே உற்சாகத்தைக் காட்ட முடியவில்லை. 199 பேர் கலந்துகொண்ட 'நிச்' ஆய்வில் நிஜத் தூண்டல் பெற்றவர்களில் 67%, போலித் தூண்டல் பெற்றவர்களில் 65% தேறினார்கள். மூளை அலைகளைப் படித்துக் கையைத் திறக்கும் கருவி ஒன்றுக்கும் 2021-இல் எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது, அதற்குப் பின்னால் இருந்த சான்று சிறிய எண்ணிக்கையிலானது. பிட்ஸ்பர்க்கில் கழுத்துத் தண்டுவடத்தைத் தூண்டியதும் கை மேம்பட்டதாக 2023-இல் வந்த செய்தி உண்மைதான், ஆனால் அது இரண்டே பேர்.

எத்தனை முறை, எப்போது

2009-இல் கேத்தரின் லாங் குழு தெரபி அறைகளில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது. கையால் வேலை செய்யும் பயிற்சி ஓர் அமர்வில் சராசரி 32 முறை. விலங்கு ஆய்வுகளில் மூளை மாறுவதைக் காட்டிய பயிற்சி நூற்றுக்கணக்கில் இருந்தது. அப்படியானால் எண்ணிக்கையைக் கூட்டினால் போதுமே என்று அதே ஆய்வாளர் 2016-இல் 85 நாள்பட்ட நோயாளிகளிடம் மொத்தம் 3,200 முறை, 6,400 முறை, 9,600 முறை என்று அளவைக் கூட்டிப் பார்த்தார். கூட்டக் கூட்டப் பலன் கூடவில்லை. மாறாக, லண்டன் குவீன் ஸ்கொயர் நரம்பியல் மருத்துவமனையில் மூன்று வாரத்தில் 90 மணி நேரம் பயிற்சி கொடுத்த திட்டத்தில் 224 பேர், பலரும் பக்கவாதம் வந்து ஓராண்டைத் தாண்டியவர்கள், ஆறு மாதம் கழித்து ஃபூகல்-மேயரில் சுமார் 9 மதிப்பெண் மேலே இருந்தார்கள். அங்கே ஒப்பிட வேறு குழு இல்லை என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் அங்கே கொடுத்தது வெறும் எண்ணிக்கை இல்லை. ஒவ்வொருவருக்கும் எது தடுக்கிறது என்று பார்த்து, அந்த வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பழக்கினார்கள்.

காலமும் ஒரு கருவி மாதிரிதான் வேலை செய்கிறது. 2021-இல் வெளியான ஓர் ஆய்வில் 72 பேருக்கு வழக்கமான தெரபியோடு 20 மணி நேரம் கூடுதல் கைப்பயிற்சி கொடுத்தார்கள், வெவ்வேறு காலங்களில். இரண்டு மூன்று மாதத்தில் கொடுத்தபோது பலன் அதிகம், முதல் மாதத்தில் கொடுத்தபோது அதைவிடக் குறைவு, ஆறு மாதத்துக்குப் பிறகு கொடுத்தபோது ஒன்றும் இல்லை. இருபது மணி நேரம் அந்தக் கட்டத்தில் போதவில்லை என்று நான் இதைப் படிக்கிறேன். 90 மணி நேரம் எடுத்தவர்கள் அப்போதும் நகர்ந்திருக்கிறார்கள்.

அந்த மணி நேரங்கள் எங்கிருந்து வரும்? கருவியைவிட இதற்குத்தான் முதலில் விடை வேண்டும். கனடாவில் ஜேனிஸ் எங் குழு உருவாக்கிய 'கிராஸ்ப்' என்பது கிட்டத்தட்ட வீட்டுப்பாடப் புத்தகம்: பயிற்சிகளைத் தெரபிஸ்ட் தேர்ந்தெடுத்துத் தருவார், நோயாளி குடும்பத்தின் உதவியோடு தானே செய்வார். மருத்துவமனையில் தங்கியிருந்த 103 பேரிடம் நான்கு வாரம் சோதித்தபோது ஒப்பீட்டுக் குழுவைவிடக் கை நன்றாகத் தேறியது. அமெரிக்காவில் 124 பேருக்குக் கணினி வழியாக வீட்டிலேயே கொடுத்த தெரபி, கிளினிக்குக்கு வந்து செய்ததற்குச் சளைக்கவில்லை: ஃபூகல்-மேயரில் வீட்டுக் குழு 7.86 மதிப்பெண் ஏறியது, கிளினிக் குழு 8.36. பயண அலைச்சலில் பாதி நாள் போகிறவர்களுக்கு இது சும்மா இல்லை.

சரி, என்ன செய்வது? விரலும் தோளும் அசையாமல் இருக்கிற, மூன்று மாதத்துக்குள் இருக்கிற ஒருவர் என்றால் நான் கண்ணாடியையும் முயற்சியோடு சேர்ந்த மின்தூண்டலையும் முதலில் வைப்பேன். ரோபோ கிடைத்தால் தோளுக்கும் முழங்கைக்கும் அதையும் சேர்ப்பேன், கிடைக்கவில்லை என்று ஏங்க மாட்டேன். தோளை இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது இந்தக் கட்டத்தில் எந்தக் கருவியையும்விட முக்கியம். தலைக்கு மேலே கயிற்றுக் கப்பியில் கையை இழுக்கும் பயிற்சி வேண்டவே வேண்டாம். பத்து டிகிரி நீட்ட முடிகிறவர் என்றால் கையுறையும் எழுதிய ஒப்பந்தமும், அதோடு வீட்டுப்பாடமும். பிடிக்க முடிகிறது, விடத்தான் முடியவில்லை என்பவருக்கு அந்த விரிக்கும் அசைவுக்கு மட்டும் மின்தூண்டலைச் சேர்ப்பேன். ஓராண்டு தாண்டி, கொஞ்சம் அசைவு உள்ளவர், ஆறு வாரத் தீவிரப் பயிற்சிக்குப் பிறகும் நகரவில்லை என்றால் வேகஸ் பற்றி விசாரிக்கலாம். விளையாட்டை எல்லாரும் வைத்துக்கொள்ளலாம், கூடுதல் நேரமாக.

ஒரு மையத்தில் சேரும் முன் அங்கே ஒரு நோயாளியின் முழு அமர்வை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். கட்டுவதற்கும் அவிழ்ப்பதற்கும் திரையைச் சரிசெய்வதற்கும் எவ்வளவு போகிறது, அவர் கை தானாக முயன்று அசைவது எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். தொடங்கும் நாளில் ஏ.ஆர்.ஏ.டி. மதிப்பெண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஆறு வாரம் கழித்து அதே ஆள் அதே சோதனையை மறுபடி செய்யட்டும். இரண்டு கையிலும் அசைவை எண்ணும் மணிக்கட்டுப் பட்டையைச் சில நாள் மாட்டிப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. கிளினிக்கில் மதிப்பெண் ஏறியும் வீட்டில் அந்தக் கை மடியிலேயே கிடப்பது அதில்தான் தெரியவரும். அப்படித் தெரிந்தால் கருவியை மாற்றுவதற்கு முன்னால் நாட்குறிப்பை எடுத்து, காலை எழுந்ததிலிருந்து அந்தக் கைக்கு என்ன வேலை கொடுத்தோம் என்று எழுதத் தொடங்குங்கள்.